அருவிச் சத்தமும் ஆர்கெஸ்ட்ராவும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுலே. கவிதை எல்லாம் நிறைய வந்துட்டு. பாடம் சம்பந்தமா ஒரு கட்டுரை வேணும்" என்று மாணவர் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் பாடம் மின்னணுவியல். என் பைத்தியம் சினிமாப் பின்னணி இசை. இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நண்பர்களே, நான் சொல்வது பாட்டைப் பற்றி அல்ல. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், வசனத்துக்கு அடியில், கதாநாயகி ஜன்னல் ஓரம் சும்மா நிற்கும்போது ஓடுகிறதே, அந்த இசையைப் பற்றி. கோடம்பாக்கத்தில் அதைச் சேர்க்கும் வேலைக்கு 'ரீரெக்கார்டிங்' என்று பெயர். பாட்டு இசைத்தட்டில் வந்தது, கேசட்டில் வந்தது, இன்று செல்போனில் இருக்கிறது. ஆனால் பத்து வயலின், நாலு செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்து வாசித்த அந்தப் பின்னணி இசை, படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை.

ஐந்தருவியில் ஒரு பாடம்

எனக்கு இந்தப் பைத்தியத்தைக் கொடுத்தவர் என் பெரியப்பா. தென்காசி வட்டாரத்துக் கோவில் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரி நடந்த காலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் வயலின் வாசித்தவர். பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் ஆர்கன் வாசித்த ஒரு பெரியவரிடம் போய், மேற்கத்திய முறையில் ஐந்து கோடு போட்டு இசை எழுதப் படித்துக்கொண்டு வந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு சாரல் காலத்தில் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய அருவிக்குக் கீழே நின்றோம். காதில் 'ஓ'வென்று ஒரே இரைச்சல். பிறகு ஐந்தருவிக்குப் போனோம். அங்கே கரையில் நின்றுகொண்டு கேட்டார்:

"எத்தனை அருவி தெரியுது?"

"அஞ்சு, பெரியப்பா."

"தண்ணி ஒண்ணுதானலே? விழும்போது அஞ்சாப் பிரிஞ்சு விழுது. ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தான். முதல் வயலின், ரெண்டாவது வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். தந்தி வாத்தியம் அஞ்சு வகை. ஒரே ராகம்தான், அஞ்சாப் பிரிஞ்சு விழும். எது எங்கன விழுதுன்னு காது பிரிச்சுப் பாக்கணும்."

அன்று விளையாட்டாகக் கேட்டேன். இங்கே வந்து ஒலியியல் படித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. அருவி இரைச்சலில் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எல்லா அதிர்வெண்களும் ஒழுங்கில்லாமல் ஒரே நேரத்தில் கலந்து வருகின்றன. நாம் பாடத்தில் படிக்கும் 'ஒயிட் நாய்ஸ்' என்பதற்கு மிக நெருங்கிய உதாரணம் அருவிதான். ஆர்கெஸ்ட்ராவிலும் அத்தனை அதிர்வெண்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒருவர் தாளில் எழுதி வைத்திருக்கிறார். வித்தியாசம் அந்தத் தாளில்தான் இருக்கிறது!

படச்சுருளும் தாளக் கணக்கும்

சினிமா பேச ஆரம்பித்த புதிதில் பின்னணி இசையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 1933இல் வந்த 'கிங் காங்' படத்துக்கு மேக்ஸ் ஸ்டைனர் இசையமைத்தார். ராட்சதக் குரங்கின் ஒவ்வொரு அடிக்கும் ஆர்கெஸ்ட்ரா அதிர்ந்தது. பொம்மைக் குரங்கை நிஜக் குரங்காக ஜனங்கள் நம்பியதற்கு அந்த இசையும் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டைனர் வியன்னா நகரத்துக்காரர். அவரைப் போல ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தான் ஹாலிவுட் பின்னணி இசைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். எரிக் கோர்ன்கோல்ட் வியன்னாவில் வளர்ந்தவர். 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க 1938 ஜனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டது. யூதரான கோர்ன்கோல்டின் உயிரைக் காப்பாற்றியது அந்த ஒரு படம்தான். 'பென்ஹர்' படத்துக்கு 1959இல் இசையமைத்த மிக்லோஷ் ரோஜா ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் பிறந்தவர். அந்த ஊர்ப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சரி, காட்சிக்குச் சரியாக இசை விழுவது எப்படி? இதில் நம்ம பாலிடெக்னிக் கணக்கு ஒன்று உண்டு. படம் ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு அடிக்கு 16 பிரேம். அப்படியானால் நிமிடத்துக்கு 1440 பிரேம், அதாவது 90 அடி. 12 பிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. கதாநாயகன் 20 வினாடி நடந்து வருகிறான் என்றால் 480 பிரேம், 40 தட்டு. நாலு தட்டுக்கு ஒரு கட்டம் என்றால் சரியாகப் பத்துக் கட்டம். பதினோராவது கட்டத்தின் முதல் தட்டில் கதவைத் திறக்கிறான், 'டமார்' என்று டிரம்ஸ்! அந்தத் தட்டுச் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். இதற்குக் 'கிளிக் டிராக்' என்று பெயர்.

ஏன் மறுபடியும் வாசித்தார்கள்?

இவ்வளவு பாடுபட்டு வாசித்த இசை தியேட்டரில் எப்படிக் கேட்டது? அங்கேதான் சங்கடம்.

அந்தக் காலத்தில் ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிந்தார்கள். புரொஜக்டரில் ஒரு விளக்கு அந்தக் கோட்டின் வழியாக ஒளியைப் பாய்ச்சும். எதிரே உள்ள போட்டோசெல் அந்த ஒளியை மின்சாரமாக மாற்றும். இதில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் அதிகம். அதை அடக்குவதற்காக உயர்ந்த அதிர்வெண்களைக் குறைத்துவிடும் முறை ஒன்றை 1938இல் ஹாலிவுட்டில் பொதுவாக்கினார்கள். அதற்கு 'அகாடமி வளைவு' என்று பெயர். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்த வளைவிலோ 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. வயலினின் மினுமினுப்பு, ஜால்ராவின் 'ஜிங்' எல்லாம் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. போதாக்குறைக்கு ஒரே ஸ்பீக்கர், மோனோ. அதற்கும் மேலே வசனம், குதிரைக் குளம்பு, வாள் சண்டை.

1972இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. சார்லஸ் கெர்ஹார்ட் என்ற நடத்துநர், கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ் கோர்ன்கோல்டைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு, பழைய ஹாலிவுட் பட இசையைப் புதிதாக ஸ்டீரியோவில் வாசித்துப் பதிவு செய்தார். வாசித்தது லண்டனின் நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. முதல் தட்டின் பெயர் 'தி சீ ஹாக்'. ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்டது. அது நன்றாக விற்கவே, ஸ்டைனர், ஆல்ஃப்ரட் நியூமன், பெர்னார்ட் ஹெர்மன், ரோஜா, டியோம்கின் என்று தொடர்ந்து தட்டுகள் வந்தன. 1940இல் வந்த படத்தின் இசையை அதன் முழு அகலத்தோடு வீட்டிலிருந்தே கேட்க 32 வருஷம் ஆகியிருக்கிறது!

பதிவு நடந்த இடம் லண்டனில் கிங்ஸ்வே ஹால். ஒலிப்பதிவாளர் கென்னத் வில்கின்சன், டெக்கா நிறுவனத்துக்காரர். அந்த நிறுவனத்தில் 1950களில் உருவான மைக் முறைக்கு 'டெக்கா ட்ரீ' என்று பெயர். நடத்துநரின் தலைக்கு மேலே ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் மூன்று மைக். இடது, வலது மைக்குகளுக்கு இடையே சுமார் 2 மீட்டர். நடு மைக் மட்டும் ஆர்கெஸ்ட்ராவை நோக்கிச் சுமார் ஒன்றரை மீட்டர் முன்னால் நிற்கும். இடது மைக்குக்கும் வலது மைக்குக்கும் ஒலி வந்து சேரும் நேரம் துளி வேறுபடும். அந்தத் துளி வேறுபாட்டை வைத்துத்தான் 'வயலின் இடது பக்கம், செல்லோ வலது பக்கம்' என்று நம் மூளை படம் போடுகிறது.

இந்த மண்டபத்துக்கு அடியில் சுரங்க ரயில் ஓடியது. அங்கே பதிவான தட்டுகள் சிலவற்றில், இசை மெதுவாகும் இடத்தில் ரயிலின் உறுமல் லேசாகக் கேட்கும். இருந்தாலும் மண்டபத்தின் எதிரொலி அவ்வளவு அருமையாக இருந்ததால் யாரும் அதை விடவில்லை. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ரயில் உறுமலோடு சேர்த்து அதன் எதிரொலி மட்டும் தட்டுகளில் இருக்கிறது.

குப்பைக்குப் போன தாள்கள்

கெர்ஹார்ட் செய்த வேலைக்கு ஆதாரம் எது? எழுதி வைத்த தாள். அந்தத் தாள் இல்லாமல் போனால்?

எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் அப்படித்தான் நடந்தது. 1969 வாக்கில் இடம் அடைக்கிறது என்று சொல்லி, பல வருஷத்து இசைத் தாள்களைக் குப்பையோடு சேர்த்துப் பள்ளத்தில் கொட்டி மூடிவிட்டார்கள். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்ற முழு விவரமும் அதோடு போயிற்று. சுருக்கமாக எழுதிய பியானோப் பிரதிகள்தான் தப்பின.

பிறகு ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய நடத்துநர் வந்தார். படத்தைப் போட்டுக் கேட்பது, நிறுத்துவது, எழுதுவது, மறுபடி போட்டுக் கேட்பது. இப்படியே வாத்தியம் வாத்தியமாகக் காதால் பிரித்து, அந்தப் பியானோப் பிரதிகளின் துணையோடு மீண்டும் எழுதினார். 2009இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தன் ஆர்கெஸ்ட்ராவை வைத்து அந்த எம்.ஜி.எம். இசையை வாசித்துக் காட்டினார்.

இதை நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இதைத்தானல நானும் செஞ்சேன்!" என்றார்.

உண்மைதான். அந்தக் காலத்தில் கச்சேரிக் குழுக்களுக்கு யார் நொட்டேஷன் கொடுப்பார்கள்? கேசட்டைப் போட்டு, பென்சிலால் சுற்றிச் சுற்றித்தான் எழுத வேண்டும். வானொலியில் படத்தின் ஒலிச்சித்திரம் போடும்போது பெரியப்பா டேப் ரிக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்து, வசனத்துக்கு நடுவே வரும் பின்னணி இசையைப் பிடித்திருக்கிறார். நடுவில் கோழி கூவினால் போச்சு! இப்படி ஏழு நோட்டு எழுதி வைத்திருந்தார்.

பண்ணைப்புரத்திலிருந்து புடாபெஸ்ட்வரை

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இதே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976இல் 'அன்னக்கிளி'. அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் கட்டுரைக்கு வேண்டியது ஒரு விஷயம். ரீரெக்கார்டிங்குக்காகப் படத்தைப் பார்த்துவிட்டு, வாத்தியத்தில் வாசித்துப் பார்க்காமலே ஐந்து கோட்டுத் தாளில் நேராக எழுதுகிறவர் அவர். அவருக்கு வாசித்த கலைஞர்கள் பலரும் மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தாளிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வாசிப்பார்கள்.

இதன் பலன் என்ன தெரியுமா? 2000இல் வந்த 'ஹே ராம்' படத்தின் பின்னணி இசையைப் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. 2005இல் வெளியான 'திருவாசகம்' இசைக்கோவையிலும் அந்த நகரத்து ஆர்கெஸ்ட்ராதான். வாசித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மாணிக்கவாசகர் யார் என்று தெரியாது. தாளில் எழுதியிருந்தது; வாசித்தார்கள். ஒரு காலத்தில் ரோஜாவின் புடாபெஸ்ட் ஹாலிவுட்டுக்குப் போனது. பிறகு பண்ணைப்புரம் புடாபெஸ்ட்டுக்குப் போனது. இரண்டுக்கும் வண்டி ஒன்றேதான்: அந்த ஐந்து கோடு.

அவரைப் போலவே ஏ.ஆர். ரகுமானின் சினிமா இசையையும் 2010இல் லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா கச்சேரியாக வாசித்தது. படம் ஓடாமல், வசனம் இல்லாமல், இசை மட்டும் தனியாக எழுந்து நின்றது.

ஆனால் தாள் மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் உதாரணம் இங்கேயே இருக்கிறது. 1993இல் இளையராஜா எழுதிய சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவும் செய்தது. ஆனால் அந்தப் பதிவு ரசிகர்களுக்கு வெளியிடப்படவில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் அவருடைய வேறொரு சிம்பொனியை, 'வேலியண்ட்' என்பதை, சபை முன் அரங்கேற்றினார்கள். நடுவில் 32 வருஷம்! எழுத வேண்டும், வாசிக்க வேண்டும், நாலு பேர் காதில் விழவும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இசை பிழைக்கும்.

பெரியப்பாவின் நோட்டு

இதை எல்லாம் படித்துவிட்டுப் போன சாரலில் பெரியப்பாவிடம் அந்த ஏழு நோட்டுகளையும் கேட்டேன். பரணில் இருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். நாலு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஒன்று ஒழுகல் தண்ணீரில் ஊறி, ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. மிஞ்சியது இரண்டு. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கட்டியாகிப்போன நோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திண்ணையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

மிஞ்சியதில் ஒன்றில் 1986இல் வந்த 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசை இருந்தது. செல்போனில் அதே இசையைப் போட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கேட்டுவிட்டு, "என்னலே, புல்லாங்குழலே தெளிவா இல்ல. பதிவு சரியில்லையோ?" என்றார்.

பதிவு சரியாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, செல்போனிலேயே ஒலி அலைகளை உண்டாக்கும் செயலியைப் போட்டுச் சோதித்தேன். 1,000 ஹெர்ட்ஸ்: "கேக்கு." 3,000: "லேசாக் கேக்கு." 6,000 வைத்தேன்.

"போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல, பெரியப்பா" என்று சொல்லி அணைத்துவிட்டேன். பொய்தான்.

இருபது வருஷம் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே நின்று வாசித்த காது அது. அதிகச் சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் தொடங்கும். போன செவிப்புலன் திரும்பி வராது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பதே ஆபத்து என்று நம்ம பாடத்திலேயே இருக்கிறது. அதைப் பரீட்சைக்கு எழுதிவிட்டு, பஸ்ஸில் முழுச் சத்தத்தில் இயர்போன் மாட்டும் நண்பர்களே, கொஞ்சம் யோசியுங்கள்!

பழைய படச்சுருளுக்கு இருந்த வளைவு பெரியப்பாவின் காதுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நோட்டை அவர் மடியில் வைத்தேன். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்கனதான் புல்லாங்குழல் ஏறும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். காதுக்கு வராத இசை தாள் வழியாக வந்தது.

அந்தப் பக்கத்திலும் கரையான் ஒரு ஓட்டை போட்டிருந்தது. இரண்டாவது வயலினில் ஆறு கட்டம் காணோம். பெரியப்பா பேனாவை வாங்கி, யோசித்து யோசித்து எழுதி நிரப்பினார். இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். நம்ம விடுதி நண்பர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். நாதஸ்வரக்காரர் தாத்தாவின் நோட்டு, வில்லுப்பாட்டு எழுதிய மாமாவின் தாள், ஒரு பழைய கேசட். இந்த விடுமுறையில் இறக்கிப் பாருங்கள். எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள். ஓட்டை விழுந்த இடத்தை அவரால்தான் நிரப்ப முடியும்.

இந்த மலர் வெளியாகும் ஆண்டு விழா மேடையில் நாங்கள் நாலு பேர் அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறோம். ஒரு வயலின், ஒரு புல்லாங்குழல், இரண்டு கீபோர்டு. டெக்கா ட்ரீ எல்லாம் கிடையாது. உள்ள மைக்கை வைத்து ஒப்பேற்றுவோம். தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, விரலால் தாளம் போட்டபடி ஒருவர் இருப்பார். புல்லாங்குழல் ஏறும் இடத்தில் மட்டும் அவர் முகத்தைப் பாருங்கள்.